பக்கத்து வீட்டுக்குப் போன மீனெண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாதவள் நான் என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை எப்படி அளப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் கருவிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. நான் சொல்லப்போவது, எங்கள் கணக்கெல்லாம் ஒன்று சொல்ல, ஒரு பூனை வேறொன்று சொன்ன கதை. அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கம் எனக்கு அவ்வளவாக வராது.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். பெங்களூர் தண்டில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நான் டாக்டராக இருந்தேன். கன்டோன்மென்ட்டை நாங்கள் தண்டு என்றுதான் சொல்வோம். வீடு ஜீவனஹள்ளியில். பிரசவம் பார்த்துப் பேர் வாங்குவாள் என்று பார்த்தால் இவள் கண்ணாடிக் குழாயோடு குடித்தனம் நடத்துகிறாளே என்று அம்மா சர்ச்சுக்கு வருகிற எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்த பெண்கள் சிலருக்கு ஒரே மாதிரியான நோய் இருந்தது. முதலில் இடுப்பு வலி. பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நடந்தால் வாத்து நடப்பதுபோல் இரண்டு பக்கமும் சாய்ந்து நடப்பார்கள். வீட்டில் வாயு என்பார்கள், சோம்பேறித்தனம் என்பார்கள். வெயில் படாத வீட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் இருந்து, எலும்பு உறுதி இழந்து வளைந்துபோயிருந்ததுதான் விஷயம். இடுப்பெலும்பு குறுகிவிட்டால் குழந்தை வெளியே வர வழி இருக்காது. வயிற்றைக் கிழித்து எடுப்பது அந்தக் காலத்தில் தாய்க்குப் பெரிய கண்டம். வெயிலில் நிற்கச் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு மாடியிலிருந்து பார்த்தால் ஒன்பது மாடி தெரிகிற சந்தில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் பெண் எங்கே போய் நிற்பாள்?

வெயில் செய்கிற வேலையை மீனெண்ணெய் செய்யும் என்று சீமையில் எழுதியிருந்தார்கள். நம் பெண்களுக்கும் செய்யுமா என்று பார்க்க எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். அவர் கன்னடக்காரர். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தண்டில் ஒரு சந்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே இந்த நோய் இருந்த வீடுகளில் ஒரு வீட்டுக்கு எண்ணெய், அடுத்த வீட்டுக்கு இல்லை, அதற்கடுத்த வீட்டுக்கு எண்ணெய் என்று மாற்றி மாற்றி வைத்தார். எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒரே இருட்டு, ஏறக்குறைய ஒரே சாப்பாடு. வித்தியாசம் எண்ணெய் மட்டுமே. எண்ணெய் பலன் தருவது உறுதியானால் எல்லா வீட்டுக்கும் கொடுப்பதாகப் பேச்சு. இதைவிட நேர்த்தியாக ஓர் ஆய்வை அமைக்க முடியாது என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம்.

ஆண் டாக்டர் உள்ளே போக முடியாது என்பதால் ஜட்கா வண்டியில் போய்வருவது என் வேலை. எண்ணெய்ப் புட்டி இருந்த பையோடு நான் இறங்கியதும் சந்திலிருந்த பூனைகள் எல்லாம் என் பின்னால் ஊர்வலம் வரும். "பூனை டாக்டர் வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கு மகா கோபம் வரும்.

சில மாதங்கள் கழித்து ரத்தத்தையும் எக்ஸ்ரே படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எண்ணெய் குடித்தவர்கள் தேறியிருந்தார்கள். துள்ளிக் குதிக்காத குறைதான் எனக்கு. அடுத்து, எண்ணெய் குடிக்காதவர்களைப் பார்த்தோம். அவர்களும் அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். எண்ணெய் குடிக்காத பக்கத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் கொஞ்சமும் தேறாமல் இருந்தாள். எந்தக் கணக்கிலும் ஒரு முரண்டு இருக்கும் என்று பெரிய டாக்டர் அவளை ஒதுக்கிவிட்டார்.

"நோடம்மா, குடிச்சாலும் சரியாகுது, குடிக்காட்டியும் சரியாகுதுன்னா, சரி பண்ணினது எண்ணெ இல்ல. வேற ஏதோ. நம்பர் என்ன சொல்லுதோ அதத்தான் நான் எழுதுவேன்" என்றார்.

அவர் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்த குழு மெட்ராஸில் இருந்தது. அறிக்கை போன மறுநாள் எண்ணெய் நின்றுவிடும். எங்கள் சந்துக்கு மட்டுமல்ல, நாளைக்குக் கேட்கக்கூடிய எந்த ஊர்ச் சந்துக்கும் வராது. பலனில்லாத மருந்து என்று ஒரு தடவை அச்சில் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று போகப்போக நீங்களே பார்ப்பீர்கள்.

எண்ணெய் நிற்கப்போகிறது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன். முதலில் கதீஜா பீ வீடு. எண்ணெய் குடித்தவள், நாலு பிள்ளை பெற்றவள், கட்டைக் குரல். நான் சொன்னதும் அவள் சண்டைக்கு வராமல் தலையைக் குனிந்து அடுப்பைக் கிளறினாள். அது அவள் சுபாவமே இல்லை. அடுத்து, அவள் வீட்டுக்கு இடது பக்கத்தில் ஜைனப் வீடு. எண்ணெய் தராத வீடு. ஜைனபுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். முதல் பிரசவத்தில் குழந்தை வழியில் மாட்டி இறந்துபோனது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இடுப்பெலும்பு இதற்குமேல் குறுகாமல் நின்றால் இந்தக் குழந்தைக்கு வழி கிடைக்கலாம்.

இரண்டு வீட்டு முற்றத்துக்கும் பொதுவான சுவரில், கிண்ணம் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து உண்டு. அந்தச் சந்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் உண்டு. வாசலுக்கு வராமலே குழம்பும் நெருப்பும் ஊர்வம்பும் அந்த வழியாகத்தான் போய்வரும். எனக்கும் தெரியும், எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அன்றைக்கு அந்தப் பொந்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்து ஒரு பீங்கான் கிண்ணத்தை உருகி உருகி நக்கிக்கொண்டிருந்தது. மீனெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. ஜைனப் சட்டென்று முந்தானையால் கிண்ணத்தை மூடினாள்.

"என்னம்மா அது?"

"கிண்ணம், டாக்டரம்மா."

"கிண்ணம்னு எனக்கும் தெரியுது. உள்ள என்ன இருந்துச்சு?"

அவள் கிண்ணத்தை இன்னும் இறுக்கி மூடினாள். பொந்துக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைக் குரல் வந்தது.

"வாயும் வயிறுமா இருக்கறவள எதுக்கு மெரட்டறீங்க? கேக்கறத என்னெக் கேளுங்க. நான்தான் குடுத்தேன். பாதி எனக்கு, பாதி அவளுக்கு."

"உங்களுக்கு மட்டும்தான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. ஆனா செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் வலி போயி எழுந்து நடக்கறேன், அந்தப் பக்கம் அவ வாயில துணிய அடச்சிக்கிட்டு அழுவுறா. மொதப் புள்ளய துணியில சுத்தி எடுத்துட்டுப் போனப்ப அவளப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது நான், டாக்டரம்மா. எந்த மனுஷி தனியா குடிப்பா?"

"எல்லா வீட்லயும் இப்படித்தானா?"

"பின்ன? நாங்க என்ன மிருகமா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. முற்றத்தில் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஜைனப் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேறியதில் அதிசயமே இல்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் குடித்திருந்தது. ஒரே தண்ணீர், ஒரே இருட்டு என்று பார்த்துப் பார்த்து அமைத்த நாங்கள், ஒரே சுவர் என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொல்லத்தான் என் கால் துறுதுறுத்தது. ஆனால் கதீஜா பீ, "உங்க பெரிய டாக்டர் கிட்ட சொல்லிடாதீங்க, எங்களக் கோவிச்சுக்கிட்டு எண்ணெய நிறுத்திடுவாரு" என்று பொந்து வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டால்தான் நிற்கும், சொன்னால் நிற்காமலிருக்க ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் சரி என்று சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் ரத்தத்தைக் கொடுத்தவர்கள். ரகசியத்தையும் அவர்களாகவே கொடுக்க வேண்டும். கையை விட்டபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "ஜைனபுக்கு மட்டும் நடுவுல நிக்கக் கூடாது."

கிளம்பும்போது, எண்ணெய் போகாத வீடு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். கதீஜா பீயின் முகம் சுண்டிவிட்டது.

"இருக்கு. அந்தப் பக்கம்" என்று தன் வீட்டு வலது சுவரைக் காட்டினாள். அங்கேயும் ஒரு பொந்து இருந்தது. அதில் ஒரு செங்கல் செருகி அடைத்திருந்தது.

அது சந்தின் கடைசி வீடு, ரஹ்மத் பீயுடையது. கதீஜா பீயின் ஆடு ஒரு நாள் தப்பிப்போய், ரஹ்மத் பீ மகளின் நிக்காஹ் துப்பட்டாவை ஜரிகையோடு மென்றுவிட்டது. அன்றைக்கு ரஹ்மத் பீ தன் பக்கத்திலிருந்து செங்கல்லைச் செருகினாள். அதோடு பேச்சும் நின்றது. எண்ணெய் தராத பக்கத்தில் தேறாமலிருந்த அந்த ஒரே பெண், பெரிய டாக்டர் முரண்டு என்று ஒதுக்கிய பெண், அவள்தான். எங்கள் ஆய்வு முழுவதிலும் உண்மையாகவே எண்ணெய் குடிக்காதவள் அவள் ஒருத்திதான். அதுவும் ஓர் ஆட்டின் புண்ணியத்தில்.

எல்லாவற்றையும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவ்வளவு ஆசையாக அமைத்த ஆய்வு அது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒருத்தி. ஒருத்திய வச்சு என்னம்மா நிரூபிக்க முடியும்?" என்றவர், சட்டென்று திரும்பினார். "ஆனா அந்த ஒருத்தி நமக்கு ரொம்ப முக்கியம். இன்னும் கொஞ்ச காலம் அவளுக்கு எண்ணெ போகாமப் பாத்துக்கோ. அவ தேறாமலே இருந்தா, குழுவுக்குச் சொல்லலாம்."

அவர் கெட்டவர் இல்லை. ஆய்வு செய்கிறவனுக்கு இயல்பாக வருகிற யோசனை அது. உங்களுக்கும் வரும். ஆனால் நான் ரஹ்மத் பீ நடக்கிறதைப் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்வாள். மச்சுக்கு ஏறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் தந்த சீர்ப்பெட்டி மச்சில்தான் இருந்தது; திறந்து பார்க்கக்கூட முடியவில்லை என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

"முடியாது சார்" என்றேன். அந்தக் காலத்தில் அப்படிப் பேசினால் வேலை போகும். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "மருந்து கையில இருக்கறப்ப, நம்ம கணக்குக்காக அவங்கள வலியில உக்கார வைக்க மாட்டேன். அவங்களுக்கு எண்ணெய் குடுப்போம். இவ்ளோ நாளா அசையாதவங்க, எண்ணெய் போனதும் தேறினாங்கன்னா, அதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. "தேறலன்னா?"

"தேறலன்னா நீங்க எழுதினத அப்படியே அனுப்பிடுங்க."

"அப்ப இருக்கற ஸ்டாக்லதான் எல்லாம். புதுசா வராது" என்றார். பிறகு மேஜை மேல் இருந்த அறிக்கையை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். ஜைனபுக்கும் தனிப் புட்டி கொடுக்கச் சொன்னார். "இனிமே பூனைக்குப் பங்கு வேண்டாம்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

இனி எல்லாம் ரஹ்மத் பீயின் கையில். அவளோ புட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சந்து பூரா கைமாத்தி கைமாத்திக் குடிச்சாங்க. வாடை எனக்கு வரலன்னு நெனச்சாங்களா? ஒருத்தியும் என்னக் கேக்கல. இப்ப நீங்க கொண்டாந்து நீட்றீங்க. எனக்கு வேணாம்."

பயமுறுத்தியிருக்கலாம். ஒரு பொய்யும் சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்காமல் குடித்திருப்பாள். நான் அவள் எதிரில் பாயில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்கள் கால் தேறினால் எண்ணெய் வரும், தேறாவிட்டால் யாருக்கும் வராது, ஜைனபுக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை என்றேன்.

அவள் புட்டியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அப்ப, அந்த ஆட்டுக்காரிக்கும் கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"அதத்தான் யோசிக்கிறேன்" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். "குடுங்க. ஜைனப் மூஞ்சிக்காக." ஒரு கரண்டி குடித்தாள். முகம் அஷ்டகோணலாகியது. "த்தூ! இந்தக் கண்றாவியத்தான் இவ்ளோ ரகசியமா பங்கு போட்டுக்கிட்டாளுங்களா?"

காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். முதலில் ரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஜைனபின் வயிறு ஏறிக்கொண்டே போனது, மருத்துவமனையில் புட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. பெரிய டாக்டர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும். வேதாகமம் வாசிக்கும்போதும் எனக்கு ரஹ்மத் பீயின் முழங்கால்தான் கண்ணில் நின்றது.

ஒரு நாள் காலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாங்க, வாங்க" என்று குரல் வந்தது. முற்றத்தில் ஆள் இல்லை. அடுப்படியில் இல்லை. "எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"மேல!"

நிமிர்ந்து பார்த்தேன். மச்சுப் படியின் உச்சியில், மடியில் சீர்ப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நான் கீழேயே நின்று அழுதேன். ரத்தமும் எக்ஸ்ரேயும் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எனக்குப் பழைய செய்தி.

பெரிய டாக்டர் பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். வீடு விட்டு வீடு வைத்தது தன்னுடைய பிழை என்று முதல் பக்கத்திலேயே எழுதினார். அப்படி எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்துப் பெண்கள் பங்கு போட்டதால் எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் கொடுத்ததில் பாதியே போதும். அதனால் வந்த எண்ணெய் இரண்டு மடங்கு பெண்களுக்குப் போனது. அறிவாளிகள் கூடி நிர்ணயித்த அளவைக் கதீஜா பீ ஒரு கிண்ணத்தால் திருத்திவிட்டாள் என்று நான் சொல்வேன். அறிக்கையில் அப்படி எழுத விடவில்லை.

ஜைனபுக்கு எங்கள் மருத்துவமனையில்தான் பிரசவம். கத்தி எடுக்கவில்லை. பட்டப்பகலில், வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஒரு பெண் குழந்தை தானாக வெளியே வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கத்தலுக்கு ஈடாக ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை.

குழந்தைக்குப் பேர் வைத்த நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கதீஜா பீ வீட்டில்தான் சமையல். ஒரு கிண்ணம் நிறையச் சேமியாவை என் கையில் கொடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், "அந்த வீட்டுக்கும் குடுத்துடுங்க" என்றாள். வாசல் வழியாகச் சுற்றிப் போய் ரஹ்மத் பீயிடம் நீட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத எதுக்கு நீங்க தெருவச் சுத்திக் கொண்டாறீங்க? செவுத்துல வழி இருக்குதே."

எழுந்து, எதையும் பிடிக்காமல், முற்றத்தைத் தாண்டி நடந்து போனாள். செங்கல் மேல் கையை வைத்தவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் நிஜமான கவலை.

"டாக்டரம்மா, இதத் தொறந்தா உங்க கணக்கு எதுவும் கெட்டுப்போயிடாதே?"

"கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும்மா. தொறங்க."

செங்கல்லை ஆட்டி ஆட்டி உருவினாள். அந்தப் பக்கத்தில் முதலில் தெரிந்தது ஆட்டின் மூக்கு. அதைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கிண்ணத்தோடு, கதீஜா பீயின் கை வந்தது.